வறட்சியிலும் டிஸ்னிலாந்தில் படகு ஓடுவது எப்படி?

கேட்கப்பட்டது இது: கலிபோர்னியாவில் வறட்சி வந்தால் வீட்டுப் புல்தரைக்கு நீர் விடக் கட்டுப்பாடு, கார் கழுவக் கட்டுப்பாடு என்று அடுக்குகிறார்கள். டிஸ்னிலாந்தில் மட்டும் ஆறு ஓடுகிறது, அருவி கொட்டுகிறது, இரவானால் நீரூற்றுகள் ஆடுகின்றன. பெரிய நிறுவனம் என்பதால் கண்டும் காணாமல் விடுகிறார்களா? அந்தப் பூங்காக்களை மூடினால் எவ்வளவு நீர் மிஞ்சும்? வறட்சிக் காலத்தில் நாம் அங்கே போவதே தவறா?

கண்ணில் படும் நீரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோருடைய கோபமும் அதன் மேல்தான். டிஸ்னிலாந்தை ஒட்டி இருக்கும் டிஸ்னி கலிபோர்னியா அட்வென்ச்சர் என்ற பூங்காவின் கிரிஸ்லி ரிவர் ரன் போன்ற படகுச் சவாரியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பம்புகள் நீரை மேலே ஏற்றுகின்றன. அது கால்வாய் வழியாகப் படகுகளைத் தள்ளிக்கொண்டு இறங்கி, கீழே தொட்டியில் சேர்ந்து, வடிகட்டியையும் குளோரினையும் கடந்து மறுபடி மேலே போகிறது. அருவியில் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான லிட்டர் கொட்டுவது உண்மை. ஆனால் அது அதே நீர், நாள் முழுவதும் சுற்றி வரும் நீர்.

அதில் குறைவது நான்கு வழிகளில். வெயிலிலும் காற்றிலும் ஆவியாகிறது. தெறித்துத் தரையில் விழுகிறது. நனைந்த சட்டையோடு பயணிகள் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஆளுக்கு அரை லிட்டர் என்றால் பத்தாயிரம் பேருக்கு ஐயாயிரம் லிட்டர், அது ஒரு சிறிய தண்ணீர் லாரி அளவு. நான்காவது, வெளியார் கவனிக்காதது: வடிகட்டியைக் கழுவ எதிர்த்திசையில் பாய்ச்சும் நீர். ஆவியாகும்போது உப்பு பின்தங்கிவிடுவதால், சுற்றிக்கொண்டே இருக்கும் நீர் நாளடைவில் கடினமாகிறது. குழாயிலும் பம்பிலும் சுண்ணாம்புப் படிவு ஏறாமல் இருக்க, அவ்வப்போது ஒரு பங்கை வெளியேற்றிப் புதுநீர் சேர்த்தாக வேண்டும். வறட்சிக் காலத்தில் பராமரிப்புப் பிரிவினர் முதலில் கைவைப்பது இங்கேதான். கழுவும் இடைவெளியைக் கூட்டுவது, கசிவைத் தேடி அடைப்பது. அருவியை நிறுத்தினால் செய்தியில் படம் வரும், ஆனால் கசிவை அடைத்தால்தான் மீட்டர் குறையும்.

கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். அதே பூங்காவில் 2010இல் தொடங்கிய வேர்ல்டு ஆஃப் கலர் என்ற நீரூற்றுக் காட்சி நடக்கும் குளம் சுமார் மூன்றரை ஏக்கர். கிட்டத்தட்ட 1,200 நீரூற்றுக் குழாய்கள் அதில் இருக்கின்றன. தெற்குக் கலிபோர்னியாவின் கடலோரச் சமவெளியில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 1.3 மீட்டர் உயரம் ஆவியாகும் என்று வைத்தால், இந்தக் குளம் ஆண்டுக்குச் சுமார் 1.8 கோடி லிட்டரை இழக்கும். நாளொன்றுக்கு ஐம்பதாயிரம் லிட்டர். நீரூற்று பீய்ச்சும்போது காற்று அள்ளிச் செல்வதையும் சேர்த்து இரட்டிப்பாக்கினாலும் 3.6 கோடி.

இப்போது கழிப்பறைக்கு வாருங்கள். பெருந்தொற்றுக்கு முந்தைய 2019இல் டிஸ்னிலாந்துக்கும் அதன் பக்கத்துப் பூங்காவுக்கும் சேர்த்து வருகைகள் சுமார் 2.85 கோடி. கலிபோர்னியாவில் 2014 முதல் விற்கப்படும் கழிப்பறைகள் ஒரு முறைக்கு 1.28 கேலனுக்கு மேல், அதாவது 4.8 லிட்டருக்கு மேல், எடுக்கக்கூடாது. காலை முதல் இரவு வரை இருக்கும் ஒருவருக்குக் கழிப்பறை, கைகழுவல், உணவகத்தில் அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவியது எல்லாம் சேர்த்து 20 லிட்டர் என்று மிகவும் சிக்கனமாகவே வைப்போம். ஆண்டுக்கு 57 கோடி லிட்டர் வருகிறது. குளத்தின் ஆவியாதலைப் போல முப்பது மடங்கு. இதற்கு மேல் செடிகொடிகளுக்கு, விடுதிகளின் சலவைக்கு, குளிர்சாதன எந்திரங்களின் கூலிங் டவர்களுக்கு என்று தனித்தனிக் கணக்கு. கூலிங் டவரை யாரும் படம் எடுப்பதில்லை, ஆனால் அதன் வேலையே நீரை ஆவியாக்கி வெப்பத்தை வெளியேற்றுவதுதான். வெயில் ஏறினால் அதன் தாகமும் ஏறும். வறட்சியும் அனல்காற்றும் சேர்ந்தே வருவதால் நீர் குறையும் நேரத்தில்தான் அது அதிகம் குடிக்கும்.

எண்களில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம், அளவின் வரிசை மாறாது. ஒரு கேளிக்கைப் பூங்காவின் நீர்ச்செலவு பெரும்பாலும் மனிதர்களின் நீர்ச்செலவு. ஒரு நாளைக்குப் பல்லாயிரம் பேர் வந்து போகும் ஊர் அது.

ஆகவே மூடினால் மிச்சமாகுமா என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. பூங்காவுக்குப் போகாதவர் வீட்டில் கழிப்பறைக்குப் போகாமல் இருக்கப்போவதில்லை. மீதிப் பாதி விடை, பயன்பட்ட நீர் எங்கே போகிறது என்பதில் இருக்கிறது. என்னைக் கேட்டால் முக்கியமான கேள்வியே அதுதான். அதற்குக் கொஞ்சம் பழைய கதை வேண்டும்.

டிஸ்னிலாந்து 1955 ஜூலை 17 அன்று அனாஹைமில், ஆரஞ்சுத் தோட்டங்கள் இருந்த நிலத்தில் திறக்கப்பட்டது. குழாய் பொருத்துவோரின் வேலைநிறுத்தம் அதற்குச் சற்று முன்தான் முடிந்திருந்தது. குடிநீர்க் குழாய்களா கழிப்பறைகளா, திறப்பு நாளுக்குள் ஒன்றைத்தான் முடிக்க முடியும் என்ற நிலை வந்தபோது வால்ட் டிஸ்னி கழிப்பறைகளைத் தேர்ந்தெடுத்தார். அன்று நல்ல வெயில். குளிர்பானம் விற்கத்தான் குடிநீரை வைக்கவில்லை என்று வந்தவர்கள் திட்டித் தீர்த்தார்கள். நீரைப் பற்றி அந்தப் பூங்கா வாங்கிய முதல் வசவு அது.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று. பூங்காவின் நடுவில் வெட்டிய செயற்கை ஆற்றில் முதன்முதலாக நீரை விட்டபோது அது நிற்கவில்லை. மணல் குடித்துவிட்டது. பிறகு களிமண் கொண்டுவந்து அடியில் பரப்பித்தான் ஆற்றைத் தேக்கினார்கள். சாண்டா அனா ஆறு காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய மணலும் சரளையும்தான் அந்தச் சமவெளி. பொழுதுபோக்குப் பூங்கா கட்டுபவருக்கு அது தலைவலி. நிலத்தடி நீரைப் பெருக்க நினைப்பவருக்கோ அதைவிட நல்ல மண் கிடைக்காது.

அதை அங்கிருந்தவர்கள் அறிந்திருந்தார்கள். அனாஹைம் இருக்கும் ஆரஞ்சு கவுண்டியின் நீர் மாவட்டம் என்ற பொது அமைப்பு 1933இலேயே நிலத்தடி நீரைக் காப்பதற்காக ஏற்படுத்தப்பட்டது. ஆற்றில் வரும் வெள்ளத்தைக் கடலுக்கு விடாமல் அனாஹைம் பக்கத்துக் குளங்களில் தேக்கி மண்ணுக்குள் இறக்குவது அவர்களுடைய பழைய வேலை. 2008இல் இதோடு ஒரு பெரிய ஏற்பாட்டைச் சேர்த்தார்கள். ஊரின் பாதாளச் சாக்கடை நீரைச் சுத்திகரிப்பு நிலையம் ஒருமுறை தூய்மையாக்கிய பிறகு கடலில் விடாமல் ஃபவுன்டன் வேலி என்ற ஊரில் இருக்கும் இன்னொரு ஆலைக்கு அனுப்புகிறார்கள். அங்கே நுண்வடிகட்டல், அடுத்து ஆர்.ஓ., அதன்பின் ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்து புற ஊதா ஒளியில் காட்டுதல். வெளிவருவது கிட்டத்தட்ட வாலை நீர், அதாவது காய்ச்சி வடித்த நீர் போன்றது. அப்படியே விட்டால் குழாயின் சிமென்ட் பூச்சையே கரைத்துவிடும் என்பதால் சுண்ணாம்பு சேர்த்து அனுப்ப வேண்டியிருக்கிறது. ஒரு பங்கு கடலோரக் கிணறுகளில் செலுத்தப்பட்டு, உப்புநீர் உள்ளே நுழையாமல் தடுப்பணையாக நிற்கிறது. இன்னொரு பங்கு சுமார் 21 கிலோமீட்டர் குழாயில் பயணித்து அனாஹைமில் இருக்கும் குளங்களுக்கு வந்து மணலில் இறங்குகிறது.

தொடங்கியபோது நாளொன்றுக்கு 7 கோடி கேலன். 2015இல், வறட்சியின் உச்சத்தில், 10 கோடி. 2023இல் 13 கோடி கேலன், நம் கணக்கில் ஏறக்குறைய 49 கோடி லிட்டர். ஒரு நாளைக்கு! மேலே டிஸ்னிலாந்து விருந்தினர்களுக்கு நான் போட்ட ஓர் ஆண்டுக் கணக்கு இந்த ஆலைக்கு ஒன்றேகால் நாள் வேலைகூட இல்லை.

அனாஹைம் நகரம் தன் குடிநீரில் பெரும்பங்கை இந்த நிலத்தடித் தேக்கத்திலிருந்துதான் எடுக்கிறது. ஆகப் பூங்காவின் கழிப்பறையில் இறங்கிய நீர் சாக்கடை வழியாக ஆலைக்குப் போய், குழாயில் அனாஹைமுக்கே திரும்பி, மணலில் இறங்கி, மறுபடி கிணற்றில் ஏறக்கூடியது. நூற்றுக்கு நூறு திரும்புகிறது என்று சொன்னால் அது விளம்பரம். ஆர்.ஓ. கட்டத்தில் சுமார் 15 சதவீதம் உப்புக் கழிவாகக் கடலுக்குப் போகிறது, மின்சாரமும் நிறையச் செலவாகிறது. ஆனாலும் பெரும்பகுதி திரும்புகிறது. அருவியில் ஆவியான நீர் திரும்பாது, புல்தரைக்கு விட்ட நீரிலும் பெரும்பகுதி திரும்பாது. செலவு, இழப்பு இரண்டையும் பிரித்துப் பார்க்காதவரை இந்த விவாதம் வெறும் கூச்சல்தான்.

இதில் ஒரு சின்ன விஷயம். பூங்காக்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குளத்தையும் செயற்கை ஆற்றையும் வடித்துவிட்டுத் தண்டவாளம், பம்பு எல்லாம் பழுது பார்க்கும். டிஸ்னிலாந்தின் ஆறு 2016 ஜனவரியில், வறட்சி நீடித்துக்கொண்டிருந்தபோதே, கட்டுமானத்துக்காக மூடப்பட்டு 2017 கோடையில் திரும்பத் திறந்தது. இப்படி வடிக்கும் நீரை மழைநீர் வடிகாலில் விட்டால் கடலுக்குப் போய்விடும். அதே நீரைப் பாதாளச் சாக்கடையில் விட்டால் ஆலைக்குப் போகும். அடுத்தடுத்து இருக்கும் இரண்டு குழி மூடிகளில் எதைத் திறப்பது என்பதில் லட்சக்கணக்கான லிட்டரின் கதி இருக்கிறது. சாதாரண வெறும் நீர்தானே என்று மழைநீர் வடிகாலில் விடத்தான் யாருக்கும் தோன்றும்.

சரி, சட்டம் விட்டுவைத்ததா? விட்டுவைக்கவில்லை, ஆனால் சவாரிகளைத் தொடவும் இல்லை. 2014 ஜனவரி 17 அன்று ஆளுநர் ஜெர்ரி பிரௌன் வறட்சி அவசரநிலையை அறிவித்தார். அந்த ஆண்டு ஜூலையில் மாநில நீர்வள வாரியம் போட்ட விதிகளில், நடைபாதையைக் குழாய் பிடித்துக் கழுவக்கூடாது என்பது ஒன்று. நீரைச் சுழற்றிப் பயன்படுத்தாத அலங்கார நீரூற்றில் குடிநீர் விடக்கூடாது என்பது இன்னொன்று. மீறினால் நாளொன்றுக்கு 500 டாலர் வரை அபராதம். சுழற்றிப் பயன்படுத்தும் நீரூற்றுக்குத் தடை இல்லை என்ற இந்த ஒரு வரியில்தான் பூங்காக்களின் ஆறும் அருவியும் தப்பின. அது சலுகை இல்லை. ஊர்ப் பூங்காவில் இருக்கும் சுழல் நீரூற்றுக்கும் அதே விதிதான்.

நடைபாதை கழுவும் விதி அப்படிச் சாதாரணமாகக் கடக்கக்கூடியது அல்ல. பூங்கா மூடிய பிறகு இரவில் தெருக்களைக் கழுவி விடுவது அந்தத் தொழிலின் வழக்கம். பாப்கார்னும் ஐஸ்கிரீமும் ஒட்டிய தரை காலையில் பளிச்சென்று இருக்க வேண்டும். சுகாதாரத்துக்காகக் கழுவ விலக்கு உண்டு. அழகுக்காகக் கழுவ இல்லை. எது சுகாதாரம், எது அழகு என்பது மேற்பார்வையாளரின் மனசாட்சியைப் பொறுத்தது.

2015 ஏப்ரல் 1 அன்று பிரௌன் சியரா நெவாடா மலையில், வழக்கமாக ஐந்தடிக்கு மேல் பனி கிடக்க வேண்டிய பிலிப்ஸ் என்ற அளவீட்டு இடத்தில், காய்ந்த புல்லின் மேல் நின்றுகொண்டு நகர்ப்புற நீர்ப்பயன்பாட்டை 25 சதவீதம் குறைக்க ஆணையிட்டார். மாநிலத்தின் மலைப்பனி அப்போது சராசரியில் 5 சதவீதம்தான். உணவகங்களில் கேட்டால்தான் குடிநீர் வைக்க வேண்டும், விடுதிகளில் துண்டையும் விரிப்பையும் தினமும் துவைக்காமல் இருக்க விருந்தினருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்ற விதிகளும் அந்த ஆண்டுதான் வந்தன. விடுதிகளும் உணவகங்களும் நடத்தும் பூங்கா நிறுவனத்துக்கு இவை நேரடியாகப் பொருந்தும். 2015 ஜூன் முதல் 2016 மார்ச் வரை மாநிலம் முழுவதிலும் கிடைத்த சேமிப்பு கிட்டத்தட்ட 24 சதவீதம். அதில் பெரும்பங்கு புல்தரையிலிருந்து வந்தது.

புல்தரைதான் இந்தக் கதையின் உண்மையான குற்றவாளி. நன்றாக நீர் விட்டு வளர்க்கும் புல், அதே பரப்புள்ள குளம் ஆவியாக்கும் அளவுக்குக் கிட்டத்தட்ட நெருங்கிய நீரை ஆவியாக்கும். தெளிப்பான் சரியில்லாமல் நடைபாதைக்கும் சேர்த்துத் தெளித்தால் குளத்தையே மிஞ்சிவிடும். குளத்திலாவது படகு விடலாம். நுழைவாயில் ஓரத்திலும் கார் நிறுத்துமிடத் திட்டுகளிலும் இருக்கும் புல்லை மிதிக்கக்கூட ஆளில்லை. வெட்டுகிறவர் மட்டும்தான் அதன் மேல் நடக்கிறார். அடுத்த வறட்சியில், 2022 ஜூனிலிருந்து, வணிக வளாகங்களில் இப்படி வெறும் அலங்காரமாக இருக்கும் புல்லுக்குக் குடிநீர் பாய்ச்சுவதையே நீர்வள வாரியம் தடை செய்தது. இது சரியான அடி என்பேன், எட்டு ஆண்டுகள் தாமதமாக விழுந்தது என்றாலும்.

மரங்கள் வேறு. டிஸ்னிலாந்தின் தோட்டத்தை அமைத்த பில் எவான்ஸ், நெடுஞ்சாலை போடுவதற்காக வெட்டப்படவிருந்த மரங்களை வேரோடு பெயர்த்துக் கொண்டுவந்து நட்டவர். அன்று வைத்த மரங்களின் நிழல் இன்று எந்தக் கூடாரத்தாலும் ஈடுகட்ட முடியாதது. புல் காய்ந்தால் ஒரு பருவத்தில் திரும்ப வரும். அறுபது வயது மரம் காய்ந்தால் அவ்வளவுதான். அதனால் வறட்சியில் எதற்கு நீரை நிறுத்துவது என்பதில் ஒரு வரிசை உண்டு: முதலில் புல், பிறகு பருவத்துக்குப் பருவம் மாற்றும் பூஞ்செடிகள், கடைசியாக மரம். வீட்டுக்காரர்கள் பலர் 2015இல் புல்லோடு மரத்துக்கும் சேர்த்து நீரை நிறுத்திவிட்டு, பிறகு பட்டுப்போன மரத்தைப் பார்த்துக் கைபிசைந்தார்கள்.

சான் டியாகோவுக்குப் போனால் நிலைமையே மாறிவிடும். அங்கே சீவேர்ல்டு பூங்கா கடற்கரை ஓரத்தில் இருக்கிறது. திமிங்கிலங்கள் நீந்தும் பெரிய தொட்டிகளில் இருப்பது பக்கத்து மிஷன் பே நீர், அதாவது கடல்நீர். பார்ப்பவருக்கு இத்தனை தண்ணீரா என்று மலைப்பாக இருக்கும். வறட்சிக்கும் அந்தத் தொட்டிகளுக்கும் நேரடித் தொடர்பே இல்லை. ஆனால் நகரத்தின் கழிவுநீரில் பெரும்பகுதி இத்தனை காலமும் பாயின்ட் லோமா நிலையத்தில் ஓரளவு சுத்திகரிக்கப்பட்டுக் கடலில்தான் விடப்பட்டு வந்திருக்கிறது. ஆக அங்கே ஒரு கழிப்பறையில் ஊற்றிய நீர், அனாஹைமில் ஊற்றியதைவிட விலை உயர்ந்தது. ஒரே மாநிலம், ஒரே வறட்சி, இரண்டு மணி நேர கார் பயணம். ஒரு லிட்டரின் பொருளே மாறிவிடுகிறது. லாஸ் ஏஞ்சலஸிலும் ஹைப்பீரியன் நிலையத்திலிருந்து பெரும்பகுதி சாண்டா மோனிகா விரிகுடாவுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது. இந்த இரண்டு நகரங்களும் இப்போது ஆரஞ்சு கவுண்டியின் வழியைப் பின்பற்றப் பெரும் பணம் செலவழித்துக்கொண்டிருக்கின்றன.

பாலைவனத்துக்குப் போனால் நான் இதுவரை பேசியது தலைகீழாகும். லாஸ் வேகஸில் வீட்டுக்கும் விடுதிக்கும் உள்ளே பயன்படும் நீர் ஏறக்குறைய முழுவதும் சுத்திகரிக்கப்பட்டு, நகருக்கு நீர் தரும் மீட் ஏரிக்கே திரும்புகிறது. திரும்பிய அளவுக்கு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். வெளியே தெளித்ததும் ஆவியானதும் மட்டுமே உண்மையான இழப்பு. அதனால் அங்கே குளியலறையைவிடக் குளத்தைத்தான் கவனிக்க வேண்டும். 2022இல் அந்த நகரம் இருக்கும் கிளார்க் கவுண்டி புதிய வீட்டு நீச்சல் குளங்களின் பரப்பை 600 சதுர அடிக்குள் கட்டுப்படுத்தியது இந்தக் காரணத்தால்தான்.

கலிபோர்னியாவின் கோச்செல்லா பள்ளத்தாக்கில் இதே கேள்வி 2022இல் நேருக்கு நேர் வந்தது. ரான்சோ மிராஜில் வீடுகளுக்கு நடுவே சுமார் 24 ஏக்கர் செயற்கைக் குளம் அமைக்கப்போவதாக டிஸ்னி அந்த ஆண்டு பிப்ரவரியில் அறிவித்தது. பக்கத்து லா கின்டாவில் அலைச்சறுக்குக் குளம் ஒன்று கேட்டு வந்தார்கள். அதைச் செப்டம்பரில் நகர மன்றம் நிராகரித்தது. அங்கே மழை பெயருக்குத்தான். ஆவியாதல் ஆண்டுக்கு 1.8 மீட்டர் என்று வைத்தாலும் 24 ஏக்கரில் போவது 17 கோடி லிட்டருக்கு மேல். அதில் ஒரு சொட்டும் சாக்கடைக்கு வராது, ஆலைக்குப் போகாது, மணலில் இறங்காது. கோல்ஃப் மைதானத்தைவிடக் குறைவுதானே என்பது இத்தகைய திட்டங்களை ஆதரிப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் வாதம். கணக்குப்படி அது உண்மை. நூறு ஏக்கர் புல்லுக்கு இதைப் போல நான்கு மடங்கு வேண்டும், அந்தப் பள்ளத்தாக்கிலோ நூற்றுக்கும் மேற்பட்ட கோல்ஃப் மைதானங்கள் இருக்கின்றன. ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் என்னைவிட அதிகம் வீணாக்குகிறான் என்பது எனக்கு நியாயமாகாது. அனாஹைமின் ஆற்றை நான் ஆதரிப்பேன், பாலைவனத்தின் நடுவே புதுக் குளத்தை ஆதரிக்க மாட்டேன். இரண்டிலும் ஒரே நிறுவனத்தின் பெயர் இருப்பது எனக்கு ஒரு பொருட்டில்லை.

விவசாயத்தைச் சொல்லாமல் விட்டால் யாராவது கேட்பார்கள். கலிபோர்னியாவில் மனிதர்கள் பயன்படுத்தும் நீரில் ஏறக்குறைய 80 சதவீதம் விவசாயத்துக்கு. எல்லாப் பூங்காக்களையும் இழுத்து மூடினாலும் மாநிலத்தின் கணக்கில் அது தெரியக்கூடத் தெரியாது. உள்ளூர்க் கணக்கில் தெரியும், ஏனென்றால் வறட்சி மாநிலம் முழுவதற்கும் ஒன்றாக இருந்தாலும் தட்டுப்பாடு ஊருக்கு ஊர் வேறு. 2022 ஜூனில், தெற்குக் கலிபோர்னியாவுக்கு மொத்தமாக நீர் வழங்கும் பெருநகர நீர் மாவட்டம் சுமார் 60 லட்சம் மக்களுக்கு வெளிப்புறப் பயன்பாட்டைக் கடுமையாகக் குறைத்தபோது, வடக்கிலிருந்து வரும் கால்வாய் நீரையே நம்பிய பகுதிகள்தான் மாட்டின. காலடியில் நிலத்தடி நீரும் கொலராடோ ஆற்று நீரும் வைத்திருந்த ஆரஞ்சு கவுண்டி அந்தப் பட்டியலில் இல்லை.

கடைசிக் கேள்வி, போவது தவறா என்பது. பூங்காவுக்குள் நீங்கள் நாள் முழுவதும் செலவழிக்கும் நீரைவிட, இரவில் விடுதி அறையில் ஷவருக்குக் கீழே நிற்கும் பத்து நிமிடம் அதிகம் எடுக்கும். மாநில விதிப்படி 2018 ஜூலை முதல் விற்கும் ஷவர்கள் நிமிடத்துக்கு 1.8 கேலனுக்கு மேல் விடக்கூடாது. அப்படியும் பத்து நிமிடத்துக்கு 68 லிட்டர் ஆகிறது. அனாஹைமில் தங்கினால் அதில் பெரும்பகுதி மணலுக்குத் திரும்பும். சான் டியாகோவில் தங்கினால் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுங்கள்.